இறாலில் ஏறிய கைரேகை

சிப்பிக்குடியிருப்பில் இறால் உரிக்கிற பெண்களின் கைரேகை விரலை விட்டிறங்கி இறாலில் போய் ஏறிக்கொண்ட அந்த வருடத்தில், ஊருக்குள் ஒருவர்கூட அதைப் பார்த்து வாயைப் பிளக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் காரில் வந்து இறங்கியவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள், பிளந்த வாயை மூட ஒரு குழு போட்டார்கள், குழுவுக்கு ஒரு துணைக்குழு போட்டார்கள், துணைக்குழுவுக்குச் சீலா மீன் வறுவலோடு மதியச் சாப்பாடு போட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடும்.

அந்த வேனில் இருபத்திரண்டு வருடமாக ஏறி இறங்குகிறவள் இன்னாசியம்மாள். ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு, இறாலின் தலையைத் திருகி, காலைப் பிய்த்து, ஓட்டைக் கழற்றி, முதுகைக் கீறிக் குடலை உருவி, வெள்ளை வெளேரென்று தட்டில் போடுவது அவள் வேலை. நடுநடுவே குளோரின் தண்ணீரில் கையை முக்கி எடுக்க வேண்டும், முக்குகிறார்களா என்று பார்க்க ஒரு பெண் உண்டு, அந்தப் பெண் பார்க்கிறாளா என்று பார்க்க கர்டோசா சூப்பர்வைசர் உண்டு. கையுறை வேண்டும் என்று பெண்கள் முதல் வருடம் கேட்டார்கள், ஐந்தாம் வருடம் கேட்டார்கள், பத்தாம் வருடம் எழுதியே கொடுத்தார்கள். கையுறை போட்டால் வேகம் குறையும் என்று கர்டோசா ஒவ்வொரு தடவையும் அதே பதிலை, அதே சிரிப்போடு சொன்னார். பதினெட்டாம் வருடத்தில் இன்னாசியம்மாளின் இடது கை விரல்கள் வழுவழுப்பாகிவிட்டன, இருபதாம் வருடத்தில் வலது கையும் அப்படியே ஆனது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விரல் இருந்தது, வேலை நடந்தது.

ரேஷன் கடைக்கு விரல் வைக்கிற எந்திரம் வந்த பிறகுதான் வினை வந்தது. கடைக்காரர் செல்லக்கனி நல்ல மனிதர், ஆனால் எந்திரத்துக்கு முன்னால் கைகட்டி நிற்கிற நல்ல மனிதர். இன்னாசியம்மாள் பத்து விரலையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். எந்திரத்துக்குள் இருந்த பெண்குரல், படித்த வீட்டுப் பெண்ணின் குரல், பத்துத் தடவையும் "அடையாளம் பொருந்தவில்லை" என்று சொன்னது.

"விரல தலமுடியில தேச்சிட்டு வைங்கக்கா. எண்ணெப்பசை பட்டா சில நேரம் எடுக்கும்."

தேய்த்து வைத்தாள். எலுமிச்சம்பழம் தேய்த்து வைத்தாள். பிறகு, போனுக்கு ஓர் எண் வரும், அதைச் சொன்னாலும் போதும் என்றார் செல்லக்கனி. அந்த எண் அவள் புருஷன் பர்னபாஸின் போனுக்குப் போனது, பர்னபாஸும் போனும் நாலு வருடத்துக்கு முன்பு ஒரே அலையில் கடலுக்குள் போயிருந்தார்கள், ஆகவே அரசாங்கம் அனுப்பிய எண்ணெல்லாம் பாறைத்திட்டான பாருக்கடியில் மீன்களுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற எந்திரம் ஒன்று இருக்கிறது, அது தாலுகா ஆபீசுக்கு வந்துகொண்டிருக்கிறது என்று மூன்று வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மூணு மாசம் தொடர்ந்து பொருந்தலேன்னா பேரு தானா நீங்கிரும்" என்றார் செல்லக்கனி, தன் குற்றமில்லை என்பதைப் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டு.

"நீங்கிருமின்னா?"

"ஆளு இல்லன்னு எடுத்துக்கிடும்."

இன்னாசியம்மாளுக்குப் பிள்ளைகள் இல்லை. குடியிருக்கிற வீடு கொழுந்தன் பேரில் இருந்தது, கரண்டு பில் மாமனார் பேரில் வந்தது, மாமனார் செத்துப் பதினோரு வருடம். உலகத்தில் அவள் பேர் அச்சடித்து இருந்தது அந்த ரேஷன் அட்டையில் மட்டும்தான், அதிலும் அவள் பேர் ஒன்றுதான் இருந்தது. அரிசி இல்லாவிட்டால் கடன் வாங்கியாவது பொங்கிவிடலாம், பேரை யாரிடம் போய் வாங்குவது என்று அவளுக்குப் பயம் வந்தது. இரண்டு மாதம் போய்விட்டது.

மூன்றாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தரம் பார்க்கிற பெண் விளக்கடியில் ஓர் இறாலைத் தூக்கிப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். இறாலின் முதுகில், தலையிலிருந்து இரண்டாவது கணுவில், வட்டம் வட்டமாகச் சுழித்து ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. பதிந்திருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, கழுவினால் போகவில்லை, சுரண்டினால் போகவில்லை, சதையிலேயே முளைத்திருந்தது. அடுத்த இறாலிலும் இருந்தது. தட்டுக்குத் தட்டு ரேகை வேறாக இருந்தது. பிரகாசியின் தட்டில் இருந்த இறாலெல்லாம் சங்குச் சுழி, இன்னாசியம்மாள் தட்டில் எல்லாம் வலம்புரிச் சுழிக்குக் குறுக்கே ஒரு தழும்பு. அந்தத் தழும்பு அவள் பத்து வயதில் சிப்பி உடைத்தபோது பட்டது.

"ஏட்டி, ஒன் வெரலு இங்கன கெடக்கு பாரு" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிற பிரகாசி.

இன்னாசியம்மாள் பார்த்தாள். "போனது எங்கயாவது போயிருக்கணும்லா" என்றாள், அடுத்த இறாலின் தலையைத் திருகினாள். உரிக்கிற கூடத்தில் இருந்த இருநூறு பெண்களும் இதே நியாயத்தைத்தான் சொன்னார்கள், கொஞ்சம் முன்னே பின்னே வார்த்தை மாறியிருக்கலாம். பங்குச்சாமி மட்டும் இதைக் கடவுள் செய்த புதுமை என்று பிரசங்கத்தில் சொல்லலாமா என்று ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டார். புதிதாக மெழுகுவத்தி ஏற்ற வேண்டாம், யாராவது ஏற்றியிருந்தால் அணைக்கவும் வேண்டாம் என்று பதில் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கம்பெனி வாசலில் பை, முந்தி, தூக்குவாளி எல்லாம் தடவிப் பார்த்து அனுப்பினார்கள், எப்போதும் அப்படித்தான் அனுப்புவார்கள். இன்னாசியம்மாள் ஓர் இறாலைக் கொண்டைக்குள் வைத்து வெளியே வந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் செய்த முதல் திருட்டு அது, அதையும் திருட்டு என்று அவள் மனது ஒப்புக்கொள்ளவில்லை, தன் விரலைத்தானே வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். நேராக ரேஷன் கடைக்குப் போனாள். வரிசையில் நின்றாள். முறை வந்ததும் கொண்டையிலிருந்து இறாலை எடுத்து, முந்தியில் துடைத்து, இரண்டாவது கணு படும்படி எந்திரத்தின் கண்ணாடியில் வைத்து அமுக்கினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. "அடையாளம் உறுதி செய்யப்பட்டது, நன்றி" என்றது பெண்குரல்.

செல்லக்கனி இறாலைப் பார்த்தார், எந்திரத்தைப் பார்த்தார், ரசீது வெளியே வந்ததையும் பார்த்தார்.

"பாமாயிலும் சேத்துப் போடவாக்கா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் பெண்கள் தூக்குவாளியில் ஐஸ் போட்டு ஆளுக்கோர் இறாலோடு வரிசையில் நின்றார்கள். செல்லக்கனி எந்திரத்தின் பக்கத்தில் துடைக்கிற துணியும் சோப்புத் தண்ணீரும் வைத்தார். கூட்டுறவு வங்கியில் இறால் வைத்தார்கள், ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டைக்கு இறால் வைத்தார்கள், பத்திரப்பதிவு ஆபீசில் ஒருத்தி தன் தங்கைக்கு விட்டுக்கொடுத்த இரண்டு சென்ட் மணலுக்கு இறால் வைத்தாள். பூனைதான் பெரிய தொல்லை. ஒரு மாதம் பிரகாசியின் தூக்குவாளியைப் பூனை தட்டிவிட்டுத் தின்றுவிட்டது, அடுத்த இறாலை வெளியே கொண்டுவர அவளுக்கு வாய்ப்பே அமையவில்லை, ஆக அந்த மாதம் முழுக்க அரசாங்கத்தின் பார்வையில் பிரகாசி பூனையின் வயிற்றுக்குள் இருந்தாள். அவளுடைய மாமியார் அந்தப் பூனைக்குத் தினமும் கொஞ்சம் சோறு வைத்தாள். எதற்கும் ஒரு மரியாதை என்றாள்.

விஷயம் நாலு மாதம் கழித்து மீன்பதன ஆய்வு மையத்துக்குப் போனது. அங்கிருந்து முனைவர் நப்பின்னை என்கிற விஞ்ஞானி, தெர்மாகோல் பெட்டி, உருப்பெருக்கி, இரண்டு உதவியாளர்கள் சகிதம் வந்தார். நல்ல உழைப்பாளி. இறால் ஓட்டில் பிஸ்கட், நெத்திலியில் மிட்டாய், சாளை மீனில் பாயசப்பொடி எல்லாம் அவர் கண்டுபிடித்தவை, எல்லாவற்றுக்கும் விருது கிடைத்தது, எதையும் யாரும் இரண்டாம் வாய் தின்றதில்லை. சிப்பிக்குடியிருப்புப் பெண்களுக்கு அவரை முன்பே தெரியும். இறால் உரிப்பது எப்படி என்று, அவர்களைச் சமுதாயக் கூடத்தில் உட்காரவைத்து மூன்று நாள் படம்போட்டுக் காட்டியிருக்கிறார், முடிவில் சான்றிதழும் டீயும் கொடுத்தார்.

நப்பின்னை இன்னாசியம்மாளின் கையை மடியில் வைத்துக்கொண்டு உருப்பெருக்கியால் வெகுநேரம் பார்த்தார். கையிலே ஒன்றுமில்லை என்பதை மூன்று பக்கத்துக்கு எழுதிக்கொண்டார்.

"ரேகை போறப்போ உங்களுக்கு என்னம்மா தோணுச்சு?"

"குளிருச்சு."

"அதைத் தவிர?"

"எரிஞ்சிச்சு. குளோரின் தண்ணிலா." இன்னாசியம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அம்மா, ஒங்க எழுத்துக்கு மதிப்பு உண்டும். எங்களுக்குக் கையுறை குடுக்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்க."

நப்பின்னைக்கு முகம் வாடிவிட்டது. அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "எனக்கும் எழுதணும்னுதாம்மா இருக்கு. ஆனா இது இறாலைப் பத்தின ஆய்வு. கை எங்க ஆய்வு எல்லைக்குள்ள வராது."

இதற்காகப் போட்ட குழு பதினோரு மாதம் கூடியது. ரேகை தரக் குறைபாடா, மதிப்புக்கூட்டலா என்று ஏழு மாதம் விவாதித்தார்கள். ஏற்றுமதி செய்தால் குறைபாடு, கண்காட்சியில் வைத்தால் மதிப்புக்கூட்டல் என்று ஒருமனதாக முடிவானது. மிச்ச நாலு மாதத்தில் அவர்கள் எழுதிய அறிக்கையில் ஒரு பத்தி, ஒரே ஒரு பத்திதான், பெரிய ஆபீசுகளின் கண்ணில் பட்டது. உரித்த இறாலைச் சரியாக உறையவைத்தால் அதன் மேலுள்ள ரேகை பதினெட்டு மாதம் மாறாமல் இருக்கும் என்றும், தொழிலாளியின் விரலுக்கு அப்படிப்பட்ட உத்தரவாதம் எதுவும் இல்லை என்றும், எனவே அடையாளம் காண இவ்விரண்டில் இறாலே நம்பகமானது என்றும் அதில் எழுதியிருந்தது. படித்தவர்கள் எழுதியதைப் படித்தவர்கள் படித்தார்கள். உடனே சுற்றறிக்கை வந்தது: இறால் உரிப்போர் இனி இறால் மூலமாகவே சரிபார்க்கப்படுவர், வருடத்துக்கொரு முறை மார்ச் முப்பத்தொன்றுக்குள் முழுச் சரிபார்ப்பு நடக்கும், இறால் மூன்று மாதத்துக்குள் உரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், தவறினால் பெயர் நீக்கப்படும். செல்லக்கனியின் எந்திரத்தில் இதற்கென்று புதிதாக ஒரு பொத்தான் முளைத்தது.

இதற்கிடையில், அந்த டிசம்பரில், கடல் தாண்டிப் போன கம்பெனிச் சரக்கு திரும்பி வந்துவிட்டது. தட்டில் யாரோ ஒருத்தியின் கட்டைவிரல் தங்களைப் பார்ப்பதாகவும், சாப்பாடு இறங்கவில்லை என்றும் அந்த நாட்டுக்காரர்கள் எழுதியிருந்தார்கள். வியாழக்கிழமை கடிதம் வந்தது. சனிக்கிழமை இருநூறு பெண்களுக்கும் கையுறை வந்துவிட்டது, நல்ல நீலநிறக் கையுறை, ஆளுக்கு மூன்று ஜோடி. இத்தனை வருடமாகக் கை தேய்ந்ததற்கு வராத கையுறை, இறாலில் கறை பட்டதும் இரண்டே நாளில் வந்தது. கர்டோசா ஒவ்வொருத்தியிடமும் வந்து சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தார். வேகம் ஒன்றும் குறையவில்லை.

கையுறை போட்ட அன்றிலிருந்து இறாலில் ரேகை ஏறவில்லை. ஜனவரி கடைசியில் ஒருநாள் இன்னாசியம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது சட்டியின் விளிம்பு விரலில் சொரசொரவென்று பட்டது. முதலில் சட்டியில்தான் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாள். வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தாள். வலது கட்டைவிரலில் ஒரு கோடு, நகத்துக்குப் பின்பக்கச் சதையில் பிறைபோல. பிப்ரவரியில் அது சுழித்தது, மார்ச்சில் தழும்பு உட்பட முழுதாக வந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சேலையைத் தடவிப் பார்த்தாள், சுவரைத் தடவிப் பார்த்தாள், எதைத் தொட்டாலும் அதது தனித்தனியாகத் தெரிந்தது. உப்பைக் கிள்ளினால் பரல் பரலாகத் தெரிந்தது. வேனில் போகும்போதும் வரும்போதும் கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் உரசிக்கொண்டே போனாள், பிரகாசி பார்த்துவிட்டு, "புதுப்பொண்ணு மோதிரத்தப் பாக்க மாதிரில்லா பாத்துட்டு இருக்கா" என்று கேலி செய்தாள். செய்யட்டும் என்று விட்டுவிட்டாள்.

மார்ச் முப்பத்தொன்று அன்று அவள் தூக்குவாளி இல்லாமல், கையை வீசிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள். பின்னால் பிரகாசி, அவளுக்குப் பின்னால் பாதிக் கூடம். எல்லாருடைய கையும் வெறுங்கை.

செல்லக்கனி புதுப் பொத்தானை அமுக்கினார். இன்னாசியம்மாள் கட்டைவிரலை வைத்தாள்.

"இறாலை வைக்கவும்" என்றது பெண்குரல்.

"வெரலு வந்திருச்சு அண்ணாச்சி. இந்தா பாருங்க. நல்லா பாருங்க."

செல்லக்கனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகவே பார்த்தார். "வந்திருக்குக்கா. லட்சணமா வந்திருக்கு. ஆனா இறால் கம்பெனி ஆளுகளுக்கு இறாலத்தான் வைக்கணும்னு சட்டம். பழைய பொத்தான எடுத்துட்டான்."

"நான் உசுரோட முன்னால நிக்கேன்."

"நான் இல்லன்னா சொல்லுதேன்? அஞ்சு மணிக்கு எந்திரம் பூட்டிரும். அதுக்குள்ள ஒரு இறால் பாருங்க."

கம்பெனி இறாலில் கடைசியாக ரேகை ஏறி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. மணி நாலேகால். இன்னாசியம்மாள் விறுவிறுவென்று கடற்கரைக்குப் போய், அப்போதுதான் கரையேறிய வள்ளத்திலிருந்து ஒரு சட்டி இறால் வாங்கி வந்தாள், மீசையெல்லாம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கடை முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கையுறை இடுப்பில்தான் செருகியிருந்தது, அதை எடுக்கவில்லை. பெரியதாக ஓர் இறாலை எடுத்துத் தலையைத் திருகி, காலைப் பிய்த்து, ஓட்டைக் கழற்றினாள். இரண்டாவது கணுவில் கட்டைவிரலை வைக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது, வரட்டும் என்று அழுதுகொண்டே அழுத்தினாள். விரலில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், ஆள் ஆளாக வள்ளத்தில் ஏறுவதைப் போல இறாலில் ஏறின. கடைசியாகத் தழும்பு ஏறியது. விரல் பழையபடி வழுவழுவென்று ஆகிவிட்டது.

அவள் எழுந்து போய் இறாலை எந்திரத்தில் வைத்தாள்.

"அடையாளம் உறுதி செய்யப்பட்டது, நன்றி."

செல்லக்கனிக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. மேசைக்கடியிலிருந்து ஒரு நீளமான படிவத்தையும் பிளாஸ்டிக் பையையும் எடுத்தார். "முடிஞ்சிதுக்கா, பேரு நின்னுட்டு. அந்த இறால இந்தப் பையில போட்டுட்டுப் போங்க."

"எதுக்கு?"

"முழுச் சரிபார்ப்புக்கு ஆவணம் கோப்புல இருக்கணும். தணிக்கைக்கு வருவாங்க. இந்தா, 'ஆவணம் வைக்கப்பட்டுள்ள இடம்'னு கட்டமே போட்டிருக்கான்."

இன்னாசியம்மாள் உள்ளங்கையில் இருந்த இறாலைப் பார்த்தாள். வட்டம் வட்டமாகச் சுழித்து, குறுக்கே தழும்போடு, அவள்தான் அது. அதை அவர்கள் பையில் போட்டு நூலால் கட்டி அலமாரியில் வைப்பார்கள், அலமாரிக்கு ஒரு பூட்டு போடுவார்கள், பூட்டுக்கு ஒரு சாவி இருக்கும், சாவி அவளிடம் இருக்காது. அவள் இறாலை வாயில் போட்டாள். பச்சையாகவே மென்றாள். உப்பும் இனிப்புமாக இருந்தது. அவசரப்படாமல், கடைசித் துணுக்கு வரைக்கும் மென்று விழுங்கிவிட்டு முந்தியால் வாயைத் துடைத்தாள்.

"அரிசியப் போடுங்க அண்ணாச்சி."

அடுத்து நின்ற பிரகாசி குனிந்து சட்டியிலிருந்து ஓர் இறாலை எடுத்து அதன் தலையைத் திருகத் தொடங்கியிருந்தாள், அவளுக்குப் பின்னால் நின்றவளும் கையை நீட்டினாள். செல்லக்கனி வரிசையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், நாலு மணி ஐம்பது. காலிப் பையை மடித்து ஓரமாக வைத்தார். பேனாவை ஒருதரம் உதறி, ஆவணம் வைக்கப்பட்டுள்ள இடம் என்ற கட்டத்தில், தணிக்கைக்காரர்களும் படிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாக, 'பயனாளியின் உள்ளேயே' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்.